நடு இலை

தாத்தாக்கள் பேரன்மார்மேல் உயிராக இருப்பது எங்கும் உள்ளதுதான். ஆனால் அந்தப் பிரியத்தை முழுசாக, வேறு ஒருத்தருக்கும் ஒரு சொட்டுச் சிந்தாமல், தன் ஒருத்தனுக்கே என்று பெற்றுக்கொண்ட பேரன் கொங்கு நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் நிதீஷ் ஒருவன்தான். இதில் மிகை எதுவும் கிடையாது. நிதீஷே சொல்லியிருக்கிறான். கோயமுத்தூர் ஹாஸ்டலில் அவனோடு ஒரே அறையில் இருந்தவர்கள் தங்கள் தாத்தாக்களைப் பற்றிப் பேச்செடுப்பதையே விட்டுவிட்டார்கள். எவனாவது, "எங்க தாத்தா எனக்கு வாட்ச் வாங்கிக் குடுத்தாரு" என்று ஆரம்பித்தால், நிதீஷ் அவனை ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும் டாக்டரைப் போலப் பார்த்து, "வாட்ச் மட்டுந்தானா?" என்பான். அதற்குமேல் எந்தத் தாத்தாவாலும் நிமிர முடியாது.

அவன் அப்பாரு என்று கூப்பிடும் தாத்தா பாலுசாமி, வெள்ளகோவிலுக்குத் தெற்கே கொப்பரை காயவைக்கும் தேங்காய்க் களம் வைத்திருந்தவர். போன வைகாசியில் சர்க்கரை முற்றிக் காலில் புண்ணாகி, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனார். அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவர் வாய்க்குக் காவல் நின்றது அவர் மகன், அதாவது நிதீஷின் அப்பா கோபாலசாமி. கம்மஞ்சோறும் கீரையும்தான் சாப்பாடு. வீட்டில் சர்க்கரை டப்பா மேல் அலமாரிக்குப் போயிற்று. காலையில் களத்துக்குப் போகுமுன் கோபாலசாமியே வேலிக்கொடியில் பாகற்காய் பறித்து, தானே மிக்சியில் அரைத்து, துணியில் வடிகட்டி, வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நிற்பார். அப்பாரு குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். இருவருக்கும் இடையில் அதற்குமேல் பேச்சு இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. "குடிங்க." "வை அங்க." "இப்பக் குடிங்க." அவ்வளவுதான்.

நிதீஷின் உரிமைக்கு ஆதாரம் ஒரு தேங்காய்ப் பன்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை பொழுதோடு பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு வாசலுக்கு மொபெட்டில் வருவார் அப்பாரு. நேரே வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பேக்கரிக்கு வண்டி போகும். அங்கே அடுப்புக்கு அந்தண்டை ஒரு பெஞ்சு. ஒரே ஒரு தேங்காய்ப் பன் வாங்கி இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை நிதீஷிடம் கொடுப்பார். தன் களத்தில் ஆயிரக்கணக்கில் காய் உடைந்து வெயிலில் கிடக்க, எவனோ துருவிச் சர்க்கரையில் புரட்டிப் பன்னுக்குள் ஒளித்துவைத்த தேங்காயை அந்தத் தேங்காய் வியாபாரி கண்ணை மூடிக்கொண்டு தின்பார். தின்று முடித்ததும் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்ப்பார். நிதீஷின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். குரலைத் தாழ்த்துவார்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு. நான் மனசு நெறஞ்சு திங்கறது இந்த ஒலகத்துல உன்றகூட மட்டுந்தான்."

பிறகு மகனுடைய சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். "உங்கொப்பன் கஷாயத்தக் குடிச்சுபோட்டு வாயக் கொப்புளிச்சன்னா அந்த எடத்துல புல்லு மொளைக்காதுடா."

நிதீஷ் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதில் இருந்த கர்வம், சொல்லியிருந்தால் கிடைத்திருக்காது.

முதல் வருஷத் திதிக்கு அவன் கோயமுத்தூரிலிருந்து விடியக்காலம் பஸ் ஏறி வந்தான். வெள்ளகோவிலில் இறங்கி, அதே பேக்கரியில், அடுப்பிலிருந்து வந்த முதல் தட்டில் ஒரு பன் வாங்கி, அட்டைப் பெட்டியில் போட்டு நூல் சுற்றித் தரச் சொன்னான். ஏனென்றால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். திதிப் படையலில் இலையின் நடுவில் ஒரே ஒரு பதார்த்தம்தான் வைப்பார்கள். செத்தவருக்கு எது உசுரோ அது. சோறு, குழம்பு, வடை எல்லாம் அதைச் சுற்றித்தான். அந்த நடு இடத்துக்கு உரிய பொருளைத் தெரிந்தவன் உலகத்தில் தான் ஒருவனே என்பதால், நிதீஷ் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பட்டம் வாங்கப் போகிறவனைப் போல வந்தான்.

களத்தில் வேலை நிற்கவில்லை. திதி என்பதற்காக வெயில் சும்மா இருக்குமா? உடைத்த காய்கள் வானத்தைப் பார்த்து வெள்ளை வெளேரென்று கிடந்தன. ஒரு பக்கம் முதல் காய்ச்சல் காய்ந்தவை, சிரட்டைத் தொட்டியை விட்டுத் தேங்காய்ப் பருப்புக் கழன்று வரும் பதத்தில். மாசாணியம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் வளைந்த கத்தியால் பருப்பை நெம்பி எடுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. காய்ந்த தேங்காயின் எண்ணெய் வாசம் மூக்கில் வந்து ஒட்டியது.

"வாங்க தம்பி. கையில என்னங்க, கேக்குங்களா?" என்றாள் மாசாணியம்மாள். அவள் அந்தக் களத்தில் அப்பாரு காலத்திலிருந்து இருப்பவள்.

"அப்பாருக்குங்கக்கா. நடு இலைக்கு."

"நடு இலைக்கா?" என்று அவள் கத்தியை நிறுத்தினாள். முந்தானையில் முடிந்திருந்த எதையோ தடவிப் பார்த்துக்கொண்டாள்.

உள்ளே படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. இலை போட்டாகிவிட்டது. இலையின் நடுவில் ஏற்கெனவே மூடிபோட்ட ஒரு சம்படம் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் கொடுமுடியிலிருந்து வந்த பாவாத்தாள் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் கோபாலசாமிக்கு அக்கா. எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் அவளுடையதாகிவிடும்.

"அத்தை, அந்தச் சம்படத்தச் சித்தே அக்கட்டால வெச்சுக்கலாங்களா?"

"எதுக்குக் கண்ணு? கச்சாயம். வெல்லங் கரைச்சு ராத்திரியெல்லாம் முழிச்சுச் சுட்டது. எங்கய்யனுக்குக் கச்சாயம்னா உசுரு."

"அப்பாருக்கா? கச்சாயமா?" நிதீஷ் பரிவோடு சிரித்தான். "அவருக்குச் சக்கர இருந்துச்சுங்களே அத்தை."

"இருந்துச்சு. அதுக்குத்தான் மாசமொருக்கா கொடுமுடிக் கோயலுக்குப் போறேன்னு எங்கூட்டுக்கு வந்துபோடுவாரு. கோயலுக்கு எங்க போனாரு? சமையக்கட்டுல நின்னுக்கிட்டே திம்பாரு. தின்னுபோட்டு..." அத்தையின் குரல் இறங்கியது. "என்ற கையப் புடிச்சுக்கிட்டு, 'ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே பாவா. நான் மனசு நெறஞ்சு திங்கறது உன்ற கையால மட்டுந்தான்'ம்பாரு. இத்தன வருசத்துக்கு இன்னைக்குத்தான் வாயத் தொறக்கறேன்."

மனசு நெறஞ்சு. அதே வார்த்தை. ஆனால் நிதீஷ் தளரவில்லை. மகளைச் சமாதானப்படுத்த ஒரு தகப்பன் ஒப்புக்குச் சொல்வது வேறு. பெஞ்சு வேறு. பெரிய பாதி வேறு.

"அத்தை, தப்பா நெனைக்காதீங்க. இதுக்கு முன்னாடி கச்சாயமெல்லாம்..." என்று அவன் பெட்டியின் நூலை அவிழ்க்கப் போனபோது வாசலில் கார் நின்றது. கோயமுத்தூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் புவனா, அத்தையின் மகள், பட்டுச்சேலையில் இறங்கி வந்தாள். கையில் அட்டைப் பெட்டி. அதே பேக்கரி. அதே சிவப்பு நூல்.

இருவரும் ஒருவர் பெட்டியை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உன்றதுல என்ன?" என்றான் நிதீஷ்.

"உன்றதுல என்ன?"

"நான் மொதல்ல கேட்டேன்."

"தேங்காப் பன்னு," என்றாள் புவனா. "அப்புச்சிக்கு அதுதான் புடிக்கும். உனக்கெல்லாம் தெரியாது. நான் ஆறாவது வரைக்கும் இங்க தங்கிப் படிச்சேன்ல? பொழுதோட என்னையக் கூட்டிக்கிட்டுப் போவாரு. அடுப்புக்குப் பின்னால ஒரு பெஞ்சு இருக்கும்..."

"பெஞ்சு," என்றான் நிதீஷ்.

"ஒரே பன்னு. ரெண்டாப் பிச்சு..."

"போதும்."

"பெரிய பாதி எனக்கு."

உலகத்தில் எந்தப் பன்னுக்கும் இரண்டு பெரிய பாதிகள் இருக்க முடியாது. ஆறாவதில் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது. நிதீஷ் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். அவன் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, புவனா தன்னைவிட நான்கு வயது மூத்தவள் என்பதையும், அப்படியானால் அந்தப் பெஞ்சில் தனக்கு முன்னாலேயே உட்கார்ந்து சூடாக்கிவைத்தவள் அவள் என்பதையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தான். அவள் முகத்தில் அந்தப் பன்னையே எடுத்து அப்பினால் என்ன என்று தோன்றியது.

"உன்னைய எரக்கப்பட்டுக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாரு," என்றான். "ஊட்டை நெனச்சு அழுதுக்கிட்டே இருந்தீன்னு."

"உன்னைய மட்டும்? ட்யூசன் போகாம இருக்கறதுக்குப் பன்னத் தின்னுக்கிட்டு உக்காந்திருந்தவன்தான நீ?"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் அத்தை. "பன்னாவது ஒண்ணாவது. காசு குடுத்தா ஆரு வேணும்னாலும் வாங்கலாம்."

அப்போது கலீல் ரஹ்மான் தூக்குப்போசியோடு வந்தார். எண்ணெய் மில்காரர். அப்பாருவுக்கு இளவட்டத்திலிருந்து கூட்டாளி. போசியை இலைக்குப் பக்கத்தில் வைத்து, மூடியைத் திறக்காமலே சொன்னார். "சேமியாப் பாயாசமுங்க. பாலண்ணனுக்கு எங்கூட்டுப் பாயாசம்னா போதும். நோம்புப் பெருநா அன்னைக்குன்னு இல்ல, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வந்துபோடுவாரு. ஆனா ஒண்ணு, கோபாலுக்குத் தெரியக்கூடாதும்பாரு. என்ற கையப் புடிச்சுக்கிட்டு..."

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க பாய்," என்றான் நிதீஷ்.

"அட, உங்களுக்கு எப்படித் தெரியும் தம்பி?" என்று அவர் கண் விரிந்தது.

வாசற்படியில் நின்றிருந்த மாசாணியம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே தேங்காய்ப் பூ. முளைவிட்ட காயை உடைத்தால் உள்ளே உருண்டையாகப் பஞ்சுபோல இருக்குமே, அது. கூடவே ஒரு பொட்டலம் நாட்டுச்சர்க்கரை. "பெரியய்யாவுக்குக் காய் ஒடைக்கறப்போ பூ வந்துச்சுன்னா எடுத்து வெச்சுருவேனுங்க. சக்கரையத் தொட்டுக்கிட்டுக் குடோனுக்குப் பின்னால நின்னு திம்பாரு. 'மாசாணி, நீ குடுக்கறதுதான்...'" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

நிதீஷின் அம்மா அதுவரைக்கும் சமையற்கட்டு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "படுக்கறப்பக் குடுக்கற பால்ல, ஒரே ஒரு கரண்டி சக்கரதானுங்க அண்ணி. மாமா கேட்டா எப்படீங்க இல்லீங்கறது?"

நிதீஷுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. தன் சொத்தைத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் பட்டா போட்டுக் கொடுத்திருக்கிறார் மனுஷன். அத்தைக்கு ஒரு சென்ட், பாய்க்கு ஒரு சென்ட், புவனாவுக்கு அவனுடைய வீட்டு மனையே. அவன் இலைக்கு முன்னால் எழுந்து நின்று, கல்லூரி விழாவில் பிரின்சிபாலைச் செய்து காட்டுவதைப் போல அப்பாருவைச் செய்து காட்டினான். இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். காற்றில் ஒரு மணிக்கட்டைப் பிடித்தான். "'ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே கண்ணு!' பாருங்க, எல்லார்த்துக்கும் ஒரே வசனம். ஓட்டுக் கேக்க வர்றவங்ககூடப் பக்கத்துப் பக்கத்து ஊட்டுல ஒரே பொய்யச் சொல்லமாட்டாங்க. இவுரு ஒரே ஊட்டுக்குள்ளயே சொல்லியிருக்காரு. மனசு குளிரோணும்னு பொய் சொல்றது இருக்குதே, அதவிடக் கேவலம் ஒண்ணு கெடையாது. நானெல்லாம் செத்தாலும் அப்படி ஒருத்தருகிட்டயும் சொல்லமாட்டேன்."

புவனா மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கோபாலசாமி களத்திலிருந்து வந்து நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது.

"சக்கர ஏன் எறங்கவே மாட்டேங்குதுன்னு ஆஸ்பத்திரில டாக்டரு என்னையத்தான் கேட்டாரு," என்றார். சத்தமெல்லாம் போடவில்லை. "ஊட்டுல என்ன குடுக்கறீங்க, ஏனுங்க இப்படி அஜாக்கிரதையா இருக்கறீங்கன்னு. நான் பாவக்கா பத்தலையாட்ட இருக்குதுன்னு இன்னும் ரெண்டு சேத்தி அரைச்சேன்."

கலீல் ரஹ்மான் தூக்குப்போசியின் மூடியை இன்னும் இறுக்கினார். அத்தை, "கோபாலு, நாங்க என்ன கண்டம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

கோபாலசாமி இலைக்குப் பக்கத்தில் குனிந்தார். குத்துவிளக்கு மறைவில் ஒரு வெள்ளி டம்ளர் இருந்தது. நிதீஷ் அதைப் பார்க்கவேயில்லை. உள்ளே பச்சையாகச் சாறு. காலையில் யாரும் எழுவதற்கு முன்பே வைத்திருக்க வேண்டும். நடுவில் வைக்கவில்லை, ஓரமாக. அவர் அதை எடுத்து, திருடினதைத் திருப்பி வைக்கப் போகிறவர் மாதிரி துண்டால் மறைத்துக்கொண்டு வெளியே போனார்.

யாரும் ஒன்றும் பேசுவதற்குள் களத்துக்குத் திரும்பிப் போயிருந்த மாசாணியம்மாளின் குரல் வந்தது. "அய்யோ, மழைங்கோ! கரூருப் பக்கம் கருத்துக்கிட்டு வருதுங்கோ!"

கோடை மழை வெள்ளகோவிலுக்கு வருவதே அபூர்வம். வந்தால் அன்றைக்குத்தான் காய் பதத்தில் கிடக்கும். பருப்பில் ஒரு தூறல் விழுந்தாலும் பூசணம் பூத்து, எண்ணெய்க்கும் ஆகாமல் எதற்கும் ஆகாமல் போய்விடும். படையல் அப்படியே நிற்க எல்லோரும் ஓடினார்கள். புவனா பட்டுச்சேலையைச் சொருகிக்கொண்டு பலகையால் பருப்பைத் தள்ளினாள். கலீல் ரஹ்மான் வேட்டியை மடித்துக்கட்டி அன்னக்கூடையில் அள்ளினார். அத்தை மட்டும் நின்ற இடத்திலிருந்தே, "அக்கட்டால! இக்கட்டால! அந்தக் குமியப் பாருங்க!" என்று மழைக்கும் சேர்த்துக் கட்டளையிட்டாள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று அடித்தது. முதல் துளிகள் சிமென்ட்டில் காசு காசாக விழுந்தன. தார்ப்பாயின் ஒரு முனையை நிதீஷும் மறு முனையைக் கோபாலசாமியும் பிடித்து இழுத்தார்கள். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.

"கல்லத் தூக்கி வைடா! அங்கல்ல, மூலையில!"

"வெச்சுட்டேனுங்கப்பா!"

கடைசிக் குவியலையும் மூடிவிட்டுப் பக்கத்தில் இருந்த குடோனுக்குள் இருவரும் பாய்ந்தபோது மழை ஒரேயடியாகக் கொட்டியது. மற்றவர்கள் வீட்டுப் பக்கம் ஓடிவிட்டார்கள். குடோனுக்குள் மூட்டைகள், சாக்கு வாசம், தகரக் கூரையில் மழைச் சத்தம். அப்பனும் மகனும் ஆளுக்கொரு மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். தராசுக்கு மேல் அந்த டம்ளர் இருந்தது. காலியாக. வாசலுக்கு வெளியே மண்ணில் பச்சைத் திட்டு ஒன்று மழையில் கரைந்துகொண்டிருந்தது.

கோபாலசாமி துண்டைப் பிழிந்து தலையைத் துவட்டினார். மழையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இலைல உன்ற பன்னையே நடுவுல வைடா. அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். நீதான் அவருக்கு எப்பவும்."

காலையிலிருந்து நிதீஷ் கேட்டது இதைத்தான். இப்போது அது கையில் வந்து விழுந்தது. அவன் அதை வாங்கிக்கொள்ளாமல் தராசுமேல் இருந்த டம்ளரைப் பார்த்தான்.

"எனக்குப் பன்னு மேலயெல்லாம் கோவமில்ல," என்றார் கோபாலசாமி. "எல்லார்த்துகிட்டயும் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருக்கறாரு. பாய்கிட்ட ஒண்ணு, மாசாணிகிட்ட ஒண்ணு. உங்கம்மாகிட்டக்கூட. என்றகிட்ட ஒளிக்க ஒண்ணுமில்ல. என்றகிட்ட இருந்துதான் அத்தனையும் ஒளிச்சாரு." துண்டை மறுக்கா பிழிந்தார். அதில் பிழிய இனி ஒன்றுமில்லை. "சிரிக்காதே. பொறாமையாத்தான் இருக்குது. அம்பது வயசுல ஒரு பன்னுக்கு."

நிதீஷ் சிரிக்கவில்லை. அப்பாரு டம்ளரை வாங்கி, முகத்தைச் சுளித்து, மகன் நகரமாட்டான் என்று தெரிந்து, மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டுவது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் தான் கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவை மாதிரி விறைத்து நின்று காட்டி அப்பாருவைச் சிரிக்க வைத்ததும் நினைவுக்கு வந்தது. அந்தச் சிரிப்பை அப்பா எந்தக் கணக்கில் எழுதியிருப்பார்?

"ஏனுங்கப்பா," என்றான்.

"ம்."

"அப்பாரு உங்களப் பத்தி ஒண்ணு சொன்னாருங்க."

"என்னையப் பத்தி என்ன சொல்லியிருப்பாரு. புல்லு மொளைக்காதுன்னு சொல்லியிருப்பாரு. என்ற காதுலயே விழுந்திருக்குது."

"அது மத்தவங்களுக்குச் சொல்றதுங்க." நிதீஷ் மூட்டையிலிருந்து இறங்கி அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். "பெஞ்சுல உக்காந்து பன்னத் தின்னு முடிச்சதுக்கப்புறமுங்க. 'இதெல்லாம் நாக்குக்குடா. ஊரே வந்து எனக்கு ஊட்டுது. நான் இன்னும் நாலு நாளு இருக்கோணும்னு நெனைக்கறவன் உங்கொப்பன் ஒருத்தன்தான். காலையில அந்த டம்ளரு வர்லீன்னா எனக்கு அன்னைக்குப் பொழுது விடிஞ்ச மாதிரியே இருக்காது'ன்னாருங்க."

மழை கொஞ்சம் தணிந்தது. வீட்டுப் பக்கமிருந்து அத்தை, "நடுவுல எதத்தான் வெக்கறது? ஆராச்சும் வந்து சொல்லுங்க!" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. கோபாலசாமி அசையவில்லை. தராசுமேல் இருந்த டம்ளரை எடுத்து, அதன் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"நெசமாவா கண்ணு? அவரே அப்படிச் சொன்னாரா?"

நிதீஷ் வாசலைப் பார்த்தான். பிறகு மூட்டைகள் பக்கம் பார்த்தான். இரண்டு பக்கமும் யாரும் இல்லை. அப்பாவின் ஈரமான மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கப்பா."